கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டுக்குச் சர்க்கரை குறைந்த சாக்லேட்: வீட்டில் செய்யும் முறை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் குமரி மாவட்டத்து வீடுகளில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அதிரசமும் ஒன்றன்பின் ஒன்றாக அடுப்பில் ஏறும். பக்கத்து வீடுகளுக்கு அனுப்பும் தட்டில் இவற்றோடு ஐந்தாறு சாக்லேட்டுகளையும் சேர்த்து வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எண்ணெய்ப் பலகாரங்களே நிறைந்திருக்கும் அந்தத் தட்டில் சாக்லேட்டாவது கொஞ்சம் நல்லதாக இருக்கட்டும் என்று நினைப்பவர்களுக்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன். அடுப்பருகே நிற்கும் நேரம் அரை மணிக்கு மேல் ஆகாது. பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஈரம் படாமல் பார்த்துக்கொள்வதிலும்தான் கவனம் வேண்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துக்கொள்வோம். சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ தேனோ சேர்த்தால் சாக்லேட் ஆரோக்கியமானதாகிவிடும் என்று பலரும் நம்புகிறோம். கருப்பட்டியின் மணத்துக்கும் சுவைக்கும் ஈடில்லை என்பதை மறுக்கவில்லை; ஆனால் அதிலும் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். இரத்தச் சர்க்கரையை அதுவும் உயர்த்தும். அதைவிடப் பெரிய சிக்கல், அது சாக்லேட்டோடு சேராது என்பதாகும். நான் முதன்முதலாகச் செய்த ஆண்டில், உருகிப் பளபளத்துக்கொண்டிருந்த அரைக் கிலோ சாக்லேட்டில் வடிகட்டிய கருப்பட்டிப் பாகை ஊற்றினேன். அடுத்த நொடியே அது ஈரச் சிமென்ட்டைப் போல இறுகி, கரண்டியோடு சேர்ந்து உருண்டுகொண்டு வந்தது. சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் நுண்ணிய கோகோத் துகள்களும் சர்க்கரைத் துகள்களும் ஆகும். சிறிது நீர் பட்டாலும் அந்தத் துகள்கள் ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே பாகு, தேன், பால், சாதாரண எசென்ஸ் எதுவும் இதில் சேரக் கூடாது.

சர்க்கரையை உண்மையாகவே குறைக்க வேண்டுமென்றால் வழி நேரானது: கோகோ அதிகமுள்ள சாக்லேட்டை வாங்கி, மொத்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு வரும்படி அதில் கடலையும் எள்ளும் விதைகளும் கலந்து, சிறு துண்டுகளாகப் போடுவது.

எந்தச் சாக்லேட்டை வாங்குவது

கேக் பொருள்கள் விற்கும் கடையில் சாக்லேட் என்று கேட்டால், பெரும்பாலும் அரைக் கிலோ அளவிலுள்ள காம்பவுண்ட் பாளத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். விலை குறைவு, உருக்கி அச்சில் ஊற்றினால் எந்த நுணுக்கமும் இல்லாமல் இறுகிவிடும். ஆனால் அதில் கோகோ விதையின் கொழுப்பான கோகோ பட்டர் இருப்பதில்லை. கோகோ பவுடரோடு பாம் கெர்னல் போன்ற தாவரக் கொழுப்பையும் நிறையச் சர்க்கரையையும் சேர்த்துச் செய்ததே காம்பவுண்ட். இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் தொழிற்சாலை வழி உருவாகும், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறையில் உள்ளதால், அந்த அச்சம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. இருந்தாலும் சர்க்கரையின் அளவும் நிறைவுற்ற கொழுப்பின் அளவும் அப்படியேதான் இருக்கின்றன.

உறையின் பின்பக்கத்தைப் படித்து வாங்குவதே பாதுகாப்பு. பொருள்களின் பட்டியலில் கோகோ மாஸ் அல்லது கோகோ சாலிட்ஸ், கோகோ பட்டர், சர்க்கரை, லெசித்தின் ஆகியவை மட்டும் இருந்தால் அது உண்மையான சாக்லேட். வெஜிடபிள் ஃபேட், ஹைட்ரோஜனேட்டட் என்ற சொற்கள் கண்ணில் பட்டால் திருப்பி வைத்துவிடலாம். கோகோ பட்டரும் கொழுப்புத்தானே என்று கேட்பது நியாயம். ஆனால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஆலிவ் எண்ணெயில் இருக்கும் ஒலீயிக் அமிலம்; இன்னொரு மூன்றில் ஒரு பங்கு, கெட்ட கொழுப்பை அவ்வளவாக உயர்த்தாத ஸ்டியரிக் அமிலம். அதற்காக அள்ளித் தின்னலாம் என்று பொருளில்லை.

எழுபது சதவீத டார்க் சாக்லேட் என்றால், நூறு கிராமில் கோகோவும் கோகோ பட்டரும் சேர்ந்து எழுபது கிராம், மீதி பெரும்பாலும் சர்க்கரை. அதாவது சர்க்கரை 30 கிராமை ஒட்டியிருக்கும். மில்க் சாக்லேட்டில் இது 50 கிராம் வரை போகும். கசப்புக்குப் பழகாத வீட்டில் முதல் ஆண்டிலேயே 70 சதவீதத்துக்குத் தாவ வேண்டாம். அதில் பாதியும் 50 சதவீதச் சாக்லேட்டில் பாதியும் கலந்தால், குழந்தைகளும் முகம் சுளிக்காமல் சாப்பிடும் 60 சதவீதம் கிடைக்கும். சர்க்கரை இல்லாதது என்று விற்கப்படும் சாக்லேட்டுகள் சிலவற்றில் மால்டிடால் என்ற மாற்று இனிப்பூட்டி சேர்க்கப்பட்டிருக்கும். அதுவும் இரத்தச் சர்க்கரையை ஓரளவு உயர்த்தும். நாலு துண்டு கூடுதலாகப் போனால் வயிற்றைக் கலக்கிவிடும். விருந்தினருக்கு அனுப்பும் தட்டில் அதை வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

கோகோ பவுடரையும் தேங்காயெண்ணெயையும் கலந்து உறைய வைக்கும் முறையும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வசிப்பவர்கள் அதைச் செய்து பார்க்கலாம். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும் என்பதால், சமவெளியில் ஃபிரிட்ஜைவிட்டு வெளியே எடுத்த ஐந்தாம் நிமிடத்தில் தட்டு முழுவதும் எண்ணெய் வழியும். கோகோ பட்டரோ 34 டிகிரியை ஒட்டித்தான் உருகுகிறது; அறையில் நின்று வாயில் கரையும் குணம் அதனால்தான் வருகிறது. கோகோ பட்டர், கோகோ பவுடர், பொடித்த சர்க்கரை ஆகியவற்றை வீட்டிலேயே கலந்து சாக்லேட் செய்வோரும் உண்டு. நாக்கு உணராத அளவுக்குத் துகள்கள் நுண்மையாக வேண்டுமானால் கல்லில் பல மணி நேரம் அரைபட வேண்டும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டரின் அமைப்பிலிருந்து உருவான கல் அரவை எந்திரங்களைத்தான் உலகின் பல ஊர்களில் சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் இதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது நமக்குப் பெருமை. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோகோவும் அப்படி அரைபட்டுச் சாக்லேட்டாகிறது. கிடைத்தால் அதையே வாங்கலாம். இட்லிமாவு அரைக்கும் கிரைண்டரில் மட்டும் சாக்லேட்டை ஏற்றிவிட வேண்டாம். எவ்வளவு துடைத்தாலும் ஈரம் எங்கேயாவது ஒளிந்திருக்கும்.

கடலை எள் தகடு

தட்டுக்கு ஏற்றது இதுதான் என்பது என் கருத்து. எழுபது சதவீதச் சாக்லேட் 300 கிராம், நிலக்கடலை 130 கிராம், எள் 30 கிராம், பூசணி விதை 30 கிராம், பொரி ஒரு கைப்பிடி, மேலே தூவச் சிட்டிகை உப்பு. விரும்பினால் ஏலப்பொடியோ சுக்குப்பொடியோ கால் தேக்கரண்டி சேர்க்கலாம். நன்றாக உலர்ந்த பொடியாக இருக்க வேண்டும்.

கடலையை முதல் நாள் மாலையே வறுத்துவிடுவது நல்லது. கனமான இரும்புச் சட்டியில், எண்ணெய் விடாமல், சிறுதீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே இருந்தால் தோல் ஆங்காங்கே வெடித்து, பருப்பு இளம்பொன் நிறமாகும். கைக்குள் வைத்துத் தேய்த்துத் தோலை முறத்தில் புடைத்துவிட்டு, ஒவ்வொன்றும் இரண்டாகவோ நான்காகவோ உடையும்படி உரலில் லேசாகத் தட்டிக்கொள்ள வேண்டும். எள் படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடலாம். நிறம் மாறும் வரை காத்திருந்தால் கசந்துவிடும். பொரியையும் வெறும் சட்டியில் ஒரு நிமிடம் புரட்டினால் நமத்துப்போனது மீண்டும் மொறுமொறுக்கும். இவை அனைத்தும் முற்றிலும் ஆறிய பிறகே டப்பாவில் மூட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும். அந்த ஈரம் மறுநாள் சாக்லேட்டைக் கெடுக்கும்.

சாக்லேட்டைக் கத்தியால் பொடியாகச் சீவி, 200 கிராமை ஒரு பாத்திரத்திலும் 100 கிராமைத் தனியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய பாத்திரத்தில் இரண்டு விரற்கடை நீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, அதன் வாயைவிட அகலமான கிண்ணத்தை, அடிப்பாகம் நீரில் படாதபடி மேலே பொருத்தி, 200 கிராம் சாக்லேட்டை அதில் இட்டு உலர்ந்த கரண்டியால் மெதுவாகக் கலக்க வேண்டும். கிண்ணம் அகலமாக இருந்தால்தான் ஆவி பக்கவாட்டில் போகும்; சிறியதாக இருந்தால் ஆவி சாக்லேட்டின் மேல் படியும். சமையலறை வெப்பமானி இருந்தால் 45 டிகிரியில் இறக்கிவிடுங்கள்; 50 டிகிரியைத் தாண்டக் கூடாது. இறக்கியதும் கிண்ணத்தின் அடியைத் துணியால் துடைப்பதை மறக்க வேண்டாம். அங்கே தேங்கிய நீர், சாக்லேட்டை ஊற்றும்போது ஓரமாக வழிந்து உள்ளே சேர்ந்துவிடும். மைக்ரோவேவில் உருக்குவோர் 30 வினாடிக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கலக்க வேண்டும்.

இனி வருவதுதான் நுணுக்கமான கட்டம். கேக் செய்பவர்கள் இதை டெம்பரிங் என்பார்கள். கோகோ பட்டர் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வகை மட்டுமே பளபளப்பையும், ஒடிக்கும்போது டக்கென்ற ஓசையையும், கையில் ஒட்டாத உறுதியையும் தருகிறது. உருக்கிய சாக்லேட்டை அப்படியே ஆறவிட்டால் எல்லா வகைகளும் கலந்து உறைந்து, மறுநாளே சாம்பல் பூத்து, தொட்டால் பிசுபிசுக்கும். பாலில் உறைமோர் இட்டுத் தயிராக்குவதைப் போல, ஏற்கெனவே சரியான படிகங்களைக் கொண்ட உருகாத சாக்லேட்டை இட்டு இதைச் சரிசெய்யலாம். தனியே வைத்த 100 கிராமை மூன்று தவணையாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் கரையும் வரை பொறுமையாகக் கலக்கிக்கொண்டே, வெப்பத்தை 31, 32 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் பக்கத்து டிசம்பர் இரவில் இதற்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டை எடுத்துக் கீழுதட்டில் வைத்துப் பாருங்கள். உடல் வெப்பத்தைவிடச் சற்றுக் குளிர்ந்ததாக உணர்ந்தால் பதம் வந்துவிட்டது. கத்தி முனையை அதில் தோய்த்து ஃபிரிட்ஜில் இரண்டு, மூன்று நிமிடம் வைத்து எடுத்தால், தோய்த்த இடம் கோடின்றிப் பளபளவென்று இறுகியிருக்க வேண்டும். கோடு கோடாக வெளுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் சீவிய சாக்லேட்டைச் சேர்த்துக் கலக்கலாம்.

பதம் வந்த சாக்லேட்டில் கடலை, விதை, எள், பொரி என்ற வரிசையில் கொட்டி விரைவாகக் கிளற வேண்டும். பொரியைக் கடைசியில் சேர்ப்பது நொறுங்காமல் இருப்பதற்காக. சுற்றிலும் கொழுப்பு பூசிக்கொள்வதால் அது இரண்டு வாரமானாலும் நமத்துப்போகாது. பட்டர் பேப்பர் விரித்த 25க்கு 30 சென்டிமீட்டர் தட்டில் கொட்டி, கரண்டியின் பின்புறத்தால் அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் பரப்பி, தட்டை இரண்டு முறை மேடையில் தட்டினால் காற்றுக் குமிழிகள் மேலே வந்துவிடும். உப்பை இப்போது தூவலாம். கருப்பட்டி வாசம் வேண்டுமென்பவர்கள் ஒன்றிரண்டாக இடித்த பனங்கற்கண்டை ஒரே ஒரு தேக்கரண்டி எடுத்துத் தட்டு முழுவதுக்கும் தூவுங்கள். பாகாக இருந்தால் பகையாகும் பொருள், உலர்ந்த கற்கண்டாக இருக்கும்போது பல்லில் நறுக்கென்று கடிபட்டு மணக்கிறது.

தட்டை ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்து, தொட்டால் விரல் பதியாமல் ஆனால் கத்தி இறங்கும் நிலையில் வெளியே எடுத்து, நீளத்தில் பத்தும் அகலத்தில் ஐந்துமாகக் கோடிட்டுவிட வேண்டும். முழுவதும் இறுகிய பிறகு வெட்டப் போனால் கோணல்மாணலாகத்தான் உடையும். மீண்டும் ஐந்து நிமிடம் குளிரவைத்து, அறையில் வைத்து இறுகவிட்டால் பத்துக் கிராம் எடையுள்ள ஐம்பது துண்டுகள் கிடைக்கும். மொத்தம் 90 கிராம் சர்க்கரை ஐம்பதாகப் பிரிவதால், ஒரு துண்டில் 2 கிராமுக்கும் குறைவு. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் சேர்க்கப்பட்ட சர்க்கரையை 50 கிராமுக்குள்ளும், முடிந்தால் 25 கிராமுக்குள்ளும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. கலோரி மட்டும் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடலையும் கொழுப்பு நிறைந்ததே என்பதால் துண்டுக்கு 60 கலோரியை ஒட்டி வரும்.

பேரீச்சம்பழ உருண்டை

கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், வறுத்த பாதாம் 100 கிராம், கோகோ பவுடர் இரண்டு மேசைக்கரண்டி, சுக்குப்பொடியும் உப்பும் சிட்டிகை. பாதாமை மிக்ஸியில் விட்டுவிட்டு அடித்துக் குருணையாக்கி (ஒரேயடியாக ஓடவிட்டால் எண்ணெய் கக்கும்), மற்றவற்றையும் சேர்த்து மேலும் இரண்டு சுற்று சுற்றி, முப்பது உருண்டைகளாகப் பிடிக்க வேண்டும். நீர் சேர்க்கத் தேவையில்லை. மேற்சொன்னபடி பதப்படுத்திய 250 கிராம் சாக்லேட்டில் ஒவ்வொன்றையும் முள்கரண்டியால் முக்கி, கிண்ண விளிம்பில் தட்டி வடித்து, பட்டர் பேப்பரில் வையுங்கள். உருண்டைகளை ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த சூட்டோடு சூடாக, அதாவது குளிரோடு, முக்கக் கூடாது. உள்ளே இருப்பது பிறகு அறைவெப்பத்துக்கு வந்து விரியும்போது மேலே பூசிய சாக்லேட் கீறல் விடும். கிண்ணத்தில் மிஞ்சுவதில் பொரியைப் போட்டுக் கிளறி வைத்துவிடலாம்.

சர்க்கரை சேர்க்காத இனிப்பு என்று இந்த உருண்டைக்குப் பெயர் வைப்பார்கள். பேரீச்சம்பழத்தில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். மேலே பூசியதையும் கூட்டினால் ஓர் உருண்டையில் 6 கிராமை ஒட்டி வருகிறது. நார்ச்சத்தும் பாதாமும் கூடவே வருவதால் வெறும் மிட்டாயைவிட மேல் என்று சொல்லலாமே தவிர, நீரிழிவு உள்ளவருக்கு இதைவிடக் கடலைத் தகடே ஏற்றது. அதுவும் மருத்துவர் சொன்ன அளவுக்குள் ஒரு துண்டு.

கெட்டுப்போனால் என்ன செய்வது

நீர் பட்டு இறுகிய சாக்லேட்டைக் கொட்டிவிட வேண்டாம். அறுபது கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கில் வெந்நீரோ சூடான பாலோ சேர்த்து அடித்தால் மீண்டும் வழவழப்பாகிவிடும். அது அச்சில் உறையாது. ஆனால் கேக் மேல் ஊற்றவும் பாலில் கலந்து குடிக்கவும் உதவும். என் கருப்பட்டிச் சிமென்ட்டும் அந்தப் பண்டிகை முழுவதும் எங்கள் வீட்டில் சாக்லேட் பாலாகச் செலவாகிவிட்டது.

இரண்டு நாளில் மேலே வெள்ளை பூத்தால் அது பூஞ்சணம் என்று பயப்படத் தேவையில்லை. விரலால் தேய்த்தால் வழுக்கி மறைந்தால் அது கொழுப்பு. பதம் தவறியதாலோ வெயிலில் உருகி மறுபடி உறைந்ததாலோ வந்தது. சொரசொரவென்று தேய்பட்டால் அது சர்க்கரை. ஃபிரிட்ஜில் அதிக நேரம் வைத்து வெளியே எடுத்தபோது வேர்த்த நீர், சர்க்கரையைக் கரைத்துவிட்டு உலர்ந்துபோனதன் அடையாளம். இரண்டையும் தாராளமாக உண்ணலாம், தட்டில் வைக்கத்தான் கூச்சமாக இருக்கும். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் சாக்லேட் வேலையைத் தொடங்காமல் இருப்பதும், இட்லி வெந்துகொண்டிருக்கும் அடுப்படியில் கிண்ணத்தைத் திறந்து வைக்காமல் இருப்பதும் இவற்றில் பாதியைத் தவிர்க்கும்.

கடலைத் தகடு காற்றுப் புகாத டப்பாவில், வீட்டின் குளிர்ந்த மூலையில் மூன்று வாரம் இருக்கும். பேரீச்சம்பழ உருண்டையைப் பத்து நாளுக்குள் முடித்துவிடலாம். ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டுமென்றால் டப்பாவை மூடிய நிலையிலேயே வெளியே எடுத்து, அறைவெப்பத்துக்கு வந்த பிறகு திறக்க வேண்டும்.

அனுப்பும்போது அச்சுமுறுக்கோடு சேர்த்து ஒரே உறையில் போடாமல், சாக்லேட்டைத் தனியாகப் பட்டர் பேப்பரில் மடித்து வையுங்கள். முறுக்கின் எண்ணெய் பட்டால் பளபளப்பு போய்விடும். கடலை, எள், பாதாம் சேர்ந்திருப்பதை ஒரு சிறு சீட்டில் எழுதிவைத்தால், ஒவ்வாமை உள்ளவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அனுப்பும் பங்கில், தொண்டையில் சிக்காதபடி கடலையை நன்றாகப் பொடித்துச் சேருங்கள். வீட்டில் நாய் இருந்தால் டப்பா உயரமான இடத்தில் இருக்கட்டும். கோகோவிலுள்ள தியோப்ரோமின் அதற்கு நஞ்சு, கோகோ கூடக் கூட ஆபத்தும் கூடும். ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் வைத்து நண்பகலில் கொண்டுபோனால் போய்ச் சேரும்போது குழம்பாகியிருக்கும். காலை ஆராதனை முடிந்து திரும்பும் வழியில், வெயில் ஏறுமுன் கொடுத்துவிடுவதே வசதி.